ஆச்சி சிடுசிடுத்தால் முதலில் தண்ணீரைப் பாருங்கள்

காரைக்குடி, கோட்டையூர், பள்ளத்தூர் பக்கம் பெரிய வீடுகளில் தனியாக இருக்கும் வயதானவர்களைப் போய்ப் பார்த்து, பிரஷரும் சுகரும் பார்த்து, மாத்திரையை எடுத்து வைத்துவிட்டு வருவதுதான் இப்போது என் வேலை. அதற்கு முன்பு நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். பிள்ளைகள் சிங்கப்பூரிலோ சென்னையிலோ இருப்பார்கள். போனில் அவர்கள் சொல்லும் குறை பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். "அக்கா, அம்மா ரொம்பப் பிடிவாதம் பண்றாங்க. சாயங்காலமானா காரணமே இல்லாம அழுறாங்க. பார்த்துக்கிற பொண்ணைத் திருடின்னு சொல்றாங்க. மனநல டாக்டரைப் பார்க்கலாமா?"

பார்க்கலாம், தப்பே இல்லை. ஆனால் அதற்கு முன்பு வீட்டிலேயே சரிபார்க்க வேண்டியவை சில இருக்கின்றன. அவற்றை எந்த வரிசையில் பார்ப்பது, ஏன் பார்ப்பது என்று வீட்டில் பார்த்துக்கொள்ளும் பெண்களுக்கு நான் சொல்லிக்கொடுப்பதை அப்படியே இங்கே எழுதுகிறேன். ஆச்சிகளை வைத்துச் சொல்கிறேன், ஐயாக்களுக்கும் இதேதான்.

காரணம் புரிந்தால்தான் கை பழகும் என்பதால் மூளையைப் பற்றிக் கொஞ்சம். மூளையின் அடிப்பகுதியில், பிட்யூட்டரி சுரப்பிக்கு நேர்மேலே, சுமார் 4 கிராம் எடையில் ஹைபோதலாமஸ் இருக்கிறது. உடம்புச் சூடு, நீர், உப்பு, பசி, தூக்கம், இதயத் துடிப்பு, ஹார்மோன் எல்லாவற்றின் கணக்கும் அங்கேதான். அதைச் சுற்றி, பயத்தையும் ஆபத்தையும் மோப்பம் பிடிக்கும் அமிக்டலாவும், புது நினைவுகளைப் பதிக்கும் ஹிப்போகாம்பஸும், இன்னும் சில பகுதிகளும் வளைத்து உட்கார்ந்திருக்கின்றன. 1878-இல் பால் புரோக்கா என்ற பிரெஞ்சு மருத்துவர் இந்த வளையத்துக்கு லிம்பிக் என்று பெயர் வைத்தார். 1937-இல் ஜேம்ஸ் பேப்பஸ், உணர்ச்சி என்பது இந்தப் பகுதிகளுக்குள் சுற்றி வரும் ஒரு வட்டம், அதில் ஹைபோதலாமஸும் ஒரு நிறுத்தம் என்றார். 1952-இல் பால் மெக்லீன் லிம்பிக் அமைப்பு என்ற பெயரைப் பரப்பினார். அதன் எல்லை எது என்று இன்றைக்கும் விஞ்ஞானிகள் சண்டை போடுகிறார்கள். போடட்டும். நமக்கு வேண்டியது ஒன்றுதான்: ஹைபோதலாமஸுக்கும் அதைச் சுற்றிய இந்த வளையத்துக்கும் நடுவே போக்குவரத்து இரு பக்கமும் உண்டு. உடம்பில் குறை வந்தால் அது கோபமாக, அழுகையாக வெளியே வரும். மனத்தில் பயம் வந்தால் அது படபடப்பாக, வியர்வையாக உடம்பில் இறங்கும்.

ஹைபோதலாமஸ் அந்தக் காலத்து வட்டிக்கடைக் கணக்கப்பிள்ளை மாதிரி. இருப்பு குறைந்தால் பேரேட்டை விரித்து வாசித்துக் காட்டமாட்டார். முகத்தை மட்டும் சுளிப்பார். எது குறைந்தது என்று நாம்தான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

தண்ணீர்

இதிலிருந்துதான் தொடங்கச் சொல்வேன். ரத்தத்தின் அடர்த்தி 1 அல்லது 2 சதவீதம் கூடினாலே போதும், இளவயதில் ஹைபோதலாமஸ் கண்டுபிடித்துவிடும். தாகத்தைத் தூண்டும், கூடவே வாசோபிரசின் என்ற ஹார்மோனைச் செய்து பிட்யூட்டரி வழியாக அனுப்பி, சிறுநீரில் தண்ணீர் வீணாகாமல் பிடித்துவைக்கச் சொல்லும். வயதாக ஆக இந்தத் தாக உணர்வு மழுங்கிவிடுகிறது. சிறுநீரகமும் முன்போலத் தண்ணீரைப் பிடித்து வைக்காது. பிரஷருக்கு நீர் பிரியும் மாத்திரை வேறு போகும். ஆகவே "ஆச்சி, தாகமா இருக்கா?" என்று கேட்பதில் பயனில்லை. இல்லை என்றுதான் சொல்வார்கள். பொய் சொல்லவில்லை, அவர்களுக்குத் தெரியவே தெரியாது.

இந்த ஊரில் இன்னொரு காரணம் இருக்கிறது, அதை யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். ஆச்சியின் கட்டில் வீட்டின் இரண்டாம் கட்டில், அதாவது இரண்டாவது பகுதியில், கிடக்கும். கழிப்பறை கடைசிக் கட்டையும் தாண்டிப் பின்னால் இருக்கும். நடுவில் வளவை (நடு முற்றத்தை) சுற்றிக்கொண்டு, இரண்டு நிலைப்படி தாண்டி, இருட்டில் போக வேண்டும். விழுந்துவிடுவோம் என்ற பயத்தில் மதியம் சாப்பிட்டதோடு தண்ணீரை நிறுத்திவிடுகிற ஆச்சிகள் எத்தனையோ பேர். சாயங்காலம் சிடுசிடுப்பதும் அவர்கள்தான்.

ஆகவே முதல் வேலை தண்ணீர் கொடுப்பதுகூட இல்லை, வழியைச் சரிசெய்வது. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு கமோடு நாற்காலி வாங்கிப் போடுங்கள். நிலைப்படிகளின் ஓரத்தில் சின்ன இரவு விளக்கு மாட்டுங்கள். கமோடு வந்தால் கௌரவம் போய்விடும் என்று ஆச்சி மறுப்பார்கள். ஒரு மறைப்புத்திரை போட்டு, "ராத்திரிக்கு மட்டும்தான்" என்று சொன்னால் ஒத்துக்கொள்வார்கள். அப்புறம் பாருங்கள், அவர்களே செம்பை எடுத்துக் குடிப்பார்கள்.

கொடுக்கும் முறை: ஒரே மூச்சில் சொம்பு நிறையக் கொடுக்காதீர்கள். சின்ன டம்ளரில், அன்றாடம் நடக்கும் ஏதாவது ஒன்றோடு சேர்த்துக் கொடுங்கள். சாமி கும்பிட்டதும் ஒன்று, மாத்திரையோடு ஒன்று, பேப்பர் படிக்கும்போது ஒன்று, சீரியல் தொடங்கும்போது ஒன்று. காலையில் நீராகாரம், முற்பகலில் நீர்மோர், மதியம் ரசம் எல்லாமே கணக்கில் சேரும். பெரும்பகுதியை மாலை 6 மணிக்குள் முடித்துவிட்டால் ராத்திரி எழுந்திருப்பது குறையும். போதுமா என்று பார்க்கச் சிறுநீரின் நிறத்தைப் பாருங்கள், நாக்கைப் பாருங்கள். புறங்கைத் தோலைக் கிள்ளிப் பார்ப்பது இளையவர்களுக்குச் சரி. வயதானவர்களின் தோல் எப்போதுமே தளர்ந்துதான் இருக்கும், அதை நம்ப முடியாது.

இதய பலவீனமோ சிறுநீரகக் கோளாறோ இருந்தால் அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும். இன்னொன்று: உப்பை அடியோடு நிறுத்தி, நீர் மாத்திரையும் போட்டு, வெறும் தண்ணீரை மட்டும் ஊற்றினால் ரத்தத்தில் சோடியம் இறங்கிவிடும். அது 135 முதல் 145 வரை இருக்க வேண்டும். நன்றாக இறங்கினால் குழப்பம், தள்ளாட்டம், சம்பந்தமில்லாத பேச்சு எல்லாம் வரும். ஆகவே அடுத்த முறை ரத்தம் எடுக்கும்போது சுகரோடு சோடியத்தையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

சுகர் இறங்குவது

சுகர் மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் திடீரென்று கத்தினால் பேச்சை வளர்க்காதீர்கள், விரலில் குத்திப் பாருங்கள். 70-க்குக் கீழே போனால் மூளை அலறும், அட்ரினலின் ஏறும். வியர்வை, நடுக்கம், எரிச்சல் எல்லாம் அதன் வேலை. மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து கொடுத்து, 15 நிமிஷம் கழித்து மறுபடி பாருங்கள். நினைவு தப்பிக் கிடந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும்.

வெக்கை

சித்திரை, வைகாசியில் எங்கள் ஊர் வெயில் எப்படி என்று சொல்ல வேண்டியதில்லை. உடம்பு 37 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்க வேண்டும் என்று ஹைபோதலாமஸின் முன்பகுதி பார்த்துக்கொள்கிறது. சூடு ஏறினால் தோலுக்கு ரத்தத்தைத் திருப்பிவிட்டு வியர்வையைத் திறக்கும். வயதானவர்களுக்கு வியர்வை தாமதமாகவும் குறைவாகவும் வரும். உள்ளே சூடு ஏறிக்கொண்டிருக்கும். வெளியே "சடவா (அலுப்பா) இருக்கு, தொந்தரவு பண்ணாதே" என்ற சத்தம் மட்டும் கேட்கும்.

அந்தக் காலத்தில் வீடு கட்டியவர்கள் இதையெல்லாம் யோசித்துத்தான் கட்டினார்கள். உயர்ந்த கூரை, வானம் பார்த்த வளவு, சுண்ணாம்புச் சுவர், காலுக்குக் குளிர்ந்த ஆத்தங்குடிக் கல். நாம் என்ன செய்கிறோம்? டிவிக்கு வசதியாக, பின்னால் ஒட்டிக் கட்டிய காங்கிரீட் அறையில் ஆச்சியைப் படுக்கவைத்து ஜன்னலைச் சாத்துகிறோம். கோடை முடியும்வரையாவது கட்டிலைக் காற்றோட்டமுள்ள பழைய கட்டுக்கு மாற்றுங்கள். மதியத்தில் கை, கழுத்து, கால்களை ஈரத்துணியால் துடைத்துவிட்டு ஃபேனைப் போடுங்கள். ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது சுமார் 580 கிலோ கலோரி சூட்டை எடுத்துக்கொண்டு போகும். குளிர்விப்பது அந்த ஈரம்தான். காற்று 40 டிகிரிக்கு மேல் போய்விட்டால் ஈரமில்லாத வெறும் ஃபேன் சூட்டைத்தான் மேலே வீசும்.

காய்ச்சலையும் வெக்கையையும் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். காய்ச்சலில் ஹைபோதலாமஸே, புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளின் தூண்டலால், தன் அளவை மேலே ஏற்றிவிடுகிறது. அதனால்தான் உடம்பு கொதிக்கும்போதும் குளிர்கிறது என்று போர்வை கேட்பார்கள். பாராசிட்டமால் அந்தப் பொருளைக் குறைப்பதால் காய்ச்சல் இறங்குகிறது. வெக்கை அடித்தவருக்கு அளவு ஏறவே இல்லை, சூடு வெளியேற முடியவில்லை, அவ்வளவுதான். அங்கே பாராசிட்டமால் வேலை செய்யாது. உடம்பை நனைத்துக் குளிர்விக்கத்தான் வேண்டும்.

வயதானவர்களுக்குத் தொற்று இருந்தும் காய்ச்சலே வராமல் போகலாம். மூத்திரத் தொற்றும் நிமோனியாவும் வெறும் குழப்பமாகவே முகம் காட்டும். நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் இன்றைக்கு உங்களைத் தன் நாத்தனார் என்று நினைத்துப் பேசினால், அது மறதி நோய் இல்லை. மறதி நோய் ஒரே ராத்திரியில் வராது. அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். உடம்பு 40 டிகிரி தொட்டுக் குழப்பமும் இருந்தால், அல்லது வாய் கோணி ஒரு பக்கம் கை விழுந்தால், யாரிடமும் யோசனை கேட்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

வெளிச்சம்

கண் நரம்புகள் இரண்டும் குறுக்கே கடக்கும் இடத்துக்கு நேர்மேலே, ஹைபோதலாமஸுக்குள், சுமார் 20,000 நரம்புச் செல்கள் கொண்ட ஒரு கடிகாரம் இருக்கிறது. தினமும் காலை வெளிச்சம் கண்ணில் பட்டால்தான் அது சரியான நேரம் காட்டும். எங்கள் பக்கத்து வீடுகளில் வளவைச் சுற்றியிருக்கும் உள்ளறைகள் பகலிலேயே இருட்டு. வெளியே நிழலில்கூட ஆயிரக்கணக்கான லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் இருக்கும்போது உள்ளே 100 தேறினால் பெரிது. கண்ணில் புரை வேறு இருந்தால் உள்ளே போகும் கொஞ்சமும் வடிகட்டிப் போகும். பகலெல்லாம் அந்த அறையில் கிடப்பவருக்கு ராத்திரி எது பகல் எது என்று கடிகாரம் தடுமாறாதா?

காலை 7 மணி வாக்கில் ஆச்சியை முகப்புத் திண்ணைக்குக் கூட்டிவந்து அரைமணி நேரமாவது உட்காரவையுங்கள். காபியை அங்கேயே கொடுங்கள், கீரைக்காரியோடு பேரம் பேசட்டும். பேரம் பேசுவதும் மருந்துதான் என்பது என் கட்சி. மதியத் தூக்கம் அரைமணி நேரத்துக்கு மேல் வேண்டாம். பொழுது சாய்வதற்கு முன்பே வளவில் விளக்குகளை நன்றாக எரியவிடுங்கள். அரைகுறை இருட்டில் தூணின் நிழல் ஆளாகத் தெரியும். அமிக்டலாவுக்கு அவ்வளவு போதும். அந்த நேரத்தில்தான் "யாரோ நிக்கிறாங்க" என்ற புகார் வரும். 9 மணிக்கு மேல் விளக்கைக் குறைத்துவிடலாம். 3 மணிக்குப் பிறகு காபி கொடுக்காதீர்கள். குடித்த காபியில் உள்ள காஃபின் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். இதில் என்னோடு சண்டை போடாத ஆச்சி கிடையாது. சுக்கு மல்லிக் காபி கொடுத்துச் சமாதானம் செய்யலாம்.

8 மணிக்குப் படுத்தவர் 3 மணிக்கு எழுந்து உட்கார்ந்திருந்தால் பயப்பட வேண்டாம். வயதானால் கடிகாரம் முன்னே நகரும். அதற்குத் தூக்க மாத்திரை கேட்டு வாங்காதீர்கள்.

"எனக்கு யாரும் சோறு போடலை"

சாப்பிட்டுக் கை கழுவி அரைமணி நேரம் ஆகியிருக்கும். பக்கத்து வீட்டாரிடம் "இன்னைக்கு எனக்குச் சோறே போடலை" என்பார்கள். பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்கு இதைவிட மானக்கேடு வேறில்லை. அவளுக்கு நான் ஹென்றி மொலைசன் கதையைச் சொல்வேன். அமெரிக்காக்காரர். 1953-இல் வலிப்பு நோய்க்காக அவருடைய மூளையின் இரண்டு பக்கத்திலும் ஹிப்போகாம்பஸின் பெரும்பகுதியையும் அமிக்டலாவையும் எடுத்துவிட்டார்கள். புதிதாக எதுவும் நினைவில் தங்காமல் போனது. சோதனைக்காக, சாப்பிட்டு முடித்தவருக்கு இன்னொரு சாப்பாட்டை வைத்தபோது அதையும் சாப்பிட்டார். சாப்பிட்டாயிற்று என்ற நினைவும், போதும் என்ற உணர்வும் சேர்ந்தால்தான் நாம் இலையை மூடுகிறோம். மறதி நோயில் முதலில் அடிவாங்கும் இடங்களில் ஹிப்போகாம்பஸும் ஒன்று. ஆகவே "இப்பத்தானே சாப்பிட்டீங்க" என்று சாட்சி கூப்பிடாதீர்கள். "இதோ தர்றேன் ஆச்சி" என்று ஒரு சின்னக் கிண்ணத்தில் கொஞ்சம் கொடுங்கள். சாப்பாட்டையே நான்கைந்து சின்ன வேளையாகப் பிரித்துவிட்டால் இன்னும் நல்லது.

எதிர்ப்பக்கமும் உண்டு. சாப்பாட்டைத் தொடமாட்டார்கள், "வாய்க்கு விளங்கலை" என்பார்கள். வயதில் மோப்பம் குறையும், சுவையில் பெரும்பங்கு மோப்பம். உப்பையும் மிளகாயையும் கூட்டிப் போடாதீர்கள், வாசனையைக் கூட்டுங்கள். மற்ற புலன்களின் செய்தியெல்லாம் தலாமஸ் என்ற இடத்தில் நின்றுதான் மேலே போகும். வாசனை மட்டும் அங்கே நிற்காமல் அமிக்டலா பக்கம் நேராகப் போய்விடும். ஆகவே தாளிப்பதை ஆச்சி உட்கார்ந்திருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சோம்பு, கல்பாசி, அன்னாசிப்பூ எண்ணெயில் விழும் வாசனைக்கு, சாப்பாடு வேண்டாம் என்றவர்கூட "யாருடி அது, கல்பாசி கருகுது பார்" என்று அதட்டுவார். அதட்டினால் அன்றைக்குச் சாப்பிடுவார் என்று அர்த்தம்.

காரத்தைப் பற்றியும் கேட்பார்கள். மிளகாயில் உள்ள கேப்சைசின், 43 டிகிரிச் சூட்டில் திறக்கும் அதே நரம்பு வாசலைத் திறந்துவிடுகிறது. அதைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸுக்கு 2021-இல் நோபல் பரிசு கிடைத்தது. வாய் சுடுகிறது என்று நம்பித்தான் மூளை தலையை வியர்க்கவைக்கிறது. ஆபத்தில்லை, வயிறு தாங்கினால் சரி. (வெளியூர் ஓட்டல்களில் செட்டிநாடு என்று போர்டு மாட்டி மிளகாய்ப் பொடியைக் கொட்டுவதற்கும் எங்கள் வீட்டுச் சமையலுக்கும் சம்பந்தமில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவைக்கிறேன்.)

கோபம் வந்துவிட்டால், அந்த நேரத்தில்

மேலே சொன்னதையெல்லாம் பார்த்தாயிற்று, எல்லாம் சரி. அப்படியும் கத்துகிறார்கள். அமிக்டலா மணியடித்துவிட்டால் ஹைபோதலாமஸ் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் ஏற்றிவிடும். அந்த நேரத்தில் நியாயம் பேசினால் ஏறாது. பின்னாலிருந்து போய்த் தொடாதீர்கள். முன்னால் வந்து, அவர்கள் கண் மட்டத்துக்குத் தாழ உட்கார்ந்து, மெதுவாகப் பேசுங்கள். கையைக் கொடுத்தால் பிடித்துக்கொள்ளுங்கள், கொடுக்காவிட்டால் விடுங்கள். மூச்சை இழுத்து விடச் சொன்னால் ஆச்சி கேட்கமாட்டார்கள். தெரிந்த சாமி பாட்டை நீங்கள் தப்பாகப் பாடத் தொடங்குங்கள். திருத்துவதற்காகவே கூடப் பாடுவார்கள். பாடும்போது வெளிமூச்சு நீளும். வெளிமூச்சு நீண்டால் மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு வழியாக இதயம் தணியும்.

இளைய பெண்களிடம் நான் அழுத்திச் சொல்வது ஒன்று. ஆச்சி மறந்துவிடுவார்கள்தானே என்று கடுமையாகப் பேசாதீர்கள். 2010-இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஹிப்போகாம்பஸ் பழுதானவர்களுக்குச் சோகமான படத் துண்டுகளைக் காட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் படம் மறந்துபோனது. துக்கம் மட்டும் நின்றது. நீங்கள் திட்டியது மறந்தாலும் கசப்பு சாயங்காலம்வரை இருக்கும், காரணம் தெரியாத கசப்பாக.

திருட்டுப் பழிக்கு ஒரு வழி. பெரும்பாலான வீடுகளில் அது தொடங்குவது சாவிக்கொத்தைப் பிடுங்கிய பிறகுதான். பாதுகாப்புக்கு என்று மகன் வாங்கிப் பூட்டிவைத்துவிட்டுப் போயிருப்பார். ஐம்பது வருஷம் இடுப்பில் சாவியோடு நடந்தவருக்கு அது இல்லாதது ஓயாத அபாயமணி. வெள்ளிச் சாமான் லாக்கரில் இருக்கட்டும். அலமாரி ஒன்றின் நிஜமான சாவியை, நிஜமாகவே அவர்கள் புடவை இருக்கும் அலமாரியின் சாவியை, கொத்தில் போட்டுத் திருப்பிக் கொடுங்கள்.

வீட்டை விற்பது, பங்கு பிரிப்பது பற்றிய பேச்சை ஸ்பீக்கர் போனில் ராத்திரி வைத்துக்கொள்ளாதீர்கள். கவலை நீண்டால் ஹைபோதலாமஸ் பிட்யூட்டரியைத் தூண்ட, அது அட்ரினல் சுரப்பியைத் தூண்ட, கார்டிசால் என்ற பதற்ற ஹார்மோன் ரத்தத்தில் ஏறி நிற்கும். அதற்கு பிரேக் போடும் இடங்களில் ஹிப்போகாம்பஸும் ஒன்று. அதுவே தேய்ந்துபோனவர்களிடம் பிரேக் சரியாகப் பிடிக்காது. அந்த விஷயத்தை, பேசித்தான் ஆக வேண்டும் என்றால், காலையில் பலகாரம் சாப்பிட்ட பிறகு, நேரில் வந்து பேசுங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு: வீடியோ காலை நம்மூர் நேரம் முற்பகல் 10 மணிக்கு மாற்றுங்கள். "எப்படி இருக்கீங்க" என்று கேட்டால் "இருக்கேன்" என்றுதான் பதில் வரும். முகத்தையும் நாக்கையும் பாருங்கள், திண்ணையில் உட்கார்ந்தாரா என்று கேளுங்கள். பார்த்துக்கொள்ளும் பெண்ணிடம் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுங்கள். கோபமோ அழுகையோ வந்த நேரம், அதற்கு முன் கடைசியாகத் தண்ணீர் குடித்த நேரம், சாப்பிட்ட நேரம், முந்தின ராத்திரித் தூக்கம், மலம் போனதா, புது மாத்திரை ஏதாவது தொடங்கியதா என்று எழுதச் சொல்லுங்கள். இரண்டு வாரம் ஆனதும் அதையும் எல்லா மாத்திரைச் சீட்டுகளையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். மனநல டாக்டரிடம் போவதானாலும் அவர் முதலில் கேட்கப்போவது இதைத்தான்.